வியாழக்கிழமையின் பின்பக்கம்

அன்று வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். என் மகள் மாலதியின் கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த மண்டபத்தில் முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. நாகஸ்வரக்காரர் காபி குடிக்கப் போயிருந்தார். இனி மதியச் சாப்பாடு வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வந்து என் கையில் ஒரு காலண்டர் தாளைக் கொடுத்தார்.

"இந்தாங்க சம்பந்தியம்மா, நீங்க கிழிச்சு அனுப்புன தாள். நாலு மாசமா பூஜையறையில வெச்சிருந்தேன். நல்லபடியா முடிஞ்சிடுச்சு. இனிமே உங்ககிட்ட இருக்கட்டும்."

அன்றைய தேதித் தாள்தான். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிக்கொண்டு எடுக்கும்போது தாள் திரும்பியது. பின்பக்கத்தில், பென்சிலில், என் கையெழுத்தில், "3 – 180" என்று எழுதியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் நம்பர் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி கேசரி கேட்டுக்கொண்டிருந்தது.

இது என்ன கணக்கு என்று புரிய, என் வேலையைச் சொல்ல வேண்டும்.

ரோஸ்டேல் என்ற விருந்தினர் விடுதியில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களா. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கம் போனால் உள்ளே எட்டிப் பார்ப்பதுண்டு. போன மாதம் போயிருந்தபோது, இப்போது என் நாற்காலியில் உட்காரும் காவ்யா கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினாள். வெளிநாட்டு விருந்தாளிக்கு நாள் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அவர் பெயர் சிவப்பாகிவிடுகிறது.

"இது வர்றதுக்கு முன்னாடி எப்படி ஆன்ட்டி சமாளிச்சீங்க?"

"காலண்டர்" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தொண்ணூற்றொன்றில் அங்கே சேர்ந்தபோது எனக்குத் தட்டச்சு தெரியும், கன்னடம் தெரியும், வெளிநாட்டுக்காரர்களைக் கண்டால் பயம் என்பதும் தெரியும். பயிற்சி என்று பார்த்தால் இரண்டு நாள். முதல் நாள் சாவிகளைக் காட்டினார்கள். இரண்டாம் நாள் மேனேஜர் நஞ்சப்பா சி படிவத்தைக் காட்டினார்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு ஒருவர் வந்து தங்கினால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சி படிவத்தில் அவரைப் பற்றி எழுதி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், எங்கேயிருந்து வருகிறார், எங்கே போகிறார், எத்தனை நாள். நடுவில் கார்பன் வைத்து மூன்று பிரதி. பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, நம் பிரதியில் முத்திரை வாங்கி வந்து, ரெஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். இதுவரை சர்க்கார் சொன்னது. இதற்கு மேல் நஞ்சப்பா சொன்னது.

நஞ்சப்பா ஹாசன் பக்கத்துக்காரர். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுவார். பதினேழு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால், "ஒந்து நிமிஷ" என்று சொல்லி, மேஜையில் இருக்கும் பென்சிலை எடுத்து, பிளேடால் ஊசிபோல் சீவி, தப்பு செய்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் திட்டு. முதல் வருடத்தில் நான் வீட்டுக்குக் கொண்டுபோன சீவிய பென்சில்களை வைத்தே மாலதி எட்டாம் வகுப்பை முடித்தாள்.

விசாவில் "ஒவ்வொரு வருகைக்கும் நூற்றெண்பது நாளுக்கு மேல் தங்கக் கூடாது" என்று எழுதியிருக்கும். விருந்தாளிகள் அதை ஒரு ஆலோசனையாக எடுத்துக்கொள்வார்கள். நஞ்சப்பா அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய தினசரிக் காலண்டர் தொங்கும். யாராவது வந்ததும், பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரையைப் பார்த்து, அந்தத் தேதியை ஒன்று என்று வைத்து, வெற்றிலை எண்ணுவதுபோல் ஒவ்வொரு தாளாகத் தொட்டு எண்ணி, கடைசி நாள் தாளில் அறை எண்ணையும் எத்தனை நாள் என்பதையும் பென்சிலில் எழுத வேண்டும். திங்கள்தோறும் அடுத்த பதினைந்து தாள்களைத் தூக்கிப் பார்த்து, எந்த எண் வருகிறதோ அந்த அறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தாள் தானாகவே மேலே வந்துவிடும் என்பதால் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலண்டர் நமக்காக நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் எண்ணைத் தாளின் முன்பக்கத்தில்தான் எழுதினோம். ஒரு நாள் ஐந்தாம் அறையில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் தன் அறை எண்ணை ஒரு செவ்வாய்க்கிழமையில் பார்த்துவிட்டு, ஜோசியம் போல ஏதோ குறித்திருக்கிறோம் என்று நினைத்து, அன்றைக்குத் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "அன்றைக்கு நீங்கள் முடிந்தீர்கள்" என்று சொன்னேன். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நஞ்சப்பா எனக்கு ஒரு பென்சில் சீவிக் கொடுத்தார். "இனிமே ஹிந்தே எழுதும்மா. விருந்தாளி கண்ணுல அவங்க போற நாள் படக் கூடாது" என்றார். அன்றிலிருந்து பின்பக்கம்.

காய்ச்சலில் படுத்திருந்த நாளும் கணக்கில் வருமா என்று கேட்ட ஜெர்மன்காரர் உண்டு. தியானத்தில் இருந்தபோது தான் இந்த ஊரிலேயே இல்லை, ஆகவே அந்த மூன்று வாரத்தைக் கழிக்க வேண்டும் என்று வாதாடிய பெண்மணி உண்டு. அத்தனை பேரையும் நாள் தவறாமல் வழியனுப்பினேன். காலண்டர் ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. நான்தான் அதைக் கைவிட்டேன்.

இப்போது மூன்றாம் நம்பரைச் சொல்கிறேன்.

மிஸஸ் டோரீனுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. ஆங்கிலோ இந்தியர். ரோஸ்டேல் அவர் அப்பா கட்டிய வீடு. குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது முன்பக்க பங்களாவை விற்றுவிட்டு, பின்பக்கம் இருந்த இரண்டு அறையை மட்டும் தன் பேரிலேயே வைத்துக்கொண்டார். எங்கள் ரெஜிஸ்டரில் இரண்டுக்கும் சேர்த்து மூன்றாம் நம்பர். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன் வருவார், மே கடைசியில் போவார். சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் எங்கள் விடுதியில். அந்த அறைகளில்தான் பிறந்தார் என்றாலும், பாஸ்போர்ட் ஆஸ்திரேலியா. ஆகவே வருடா வருடம் சி படிவம்.

"என் ஓன் வீட்ல நான் தூங்கறதுக்கு போலீசுக்கு லெட்டரா மேன்?" என்று ஒவ்வொரு வருடமும் முதல் நாள் சண்டை. ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லோரும் "மேன்"தான்.

"கேட் ஒண்ணுதானேம்மா. கேட் ஒண்ணுன்னா படிவமும் ஒண்ணுதான்" என்பார் நஞ்சப்பா.

நான் அவரை மிஸ்ஸிம்மா என்று கூப்பிடுவேன். திரும்பிப் போகும் டிக்கெட்டை எப்போதும் தேதி போடாமல்தான் வாங்கி வருவார். "நீ எப்போ பெட்டி கட்டச் சொல்றியோ அப்போ கட்டறேன்" என்பார். நான் போய்ச் சொல்லுவேன். முகம் விழுந்துவிடும். கட்டுவார். ஒரே ஒரு பயம் அவருக்கு. "ஒரு நாள் கூடப்போனா பாஸ்போர்ட்ல எழுதிடுவாங்க, இல்லே? அப்புறம் அடுத்த தடவை அங்கே விசா கேட்டா, நோ சொல்லிட்டா? என் வீட்டுக்கு நான் எப்படி வர்றது?" என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்பார். "அதுக்குத்தான் நான் இருக்கேன் மிஸ்ஸிம்மா" என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் சொல்வேன்.

மாலதிக்குச் சம்பந்தம் அமைந்தது ஒரு ஜனவரியில். பையன் வீடு சென்னையில், பல்லாவரம். எல்லாம் பேசி முடித்ததும் பையனின் அம்மா போனில் ஒரு நிபந்தனை போட்டார்.

"வைகாசியில மூணு முகூர்த்தம் பாருங்க. பார்த்துட்டு தேதியை எழுதி அனுப்பாதீங்க. காலண்டர் தாளையே கிழிச்சு அனுப்புங்க. என் பெரிய பையன் கல்யாணத்துல ஒருத்தர் தேதியை மாத்தி எழுதி நாங்க பட்ட பாடு போதும். கையால எழுதுனதை நான் நம்பறதில்ல."

எங்கள் வீட்டுக் காலண்டரில் முகூர்த்த நாள் அச்சடிக்கவில்லை. விடுதிக் காலண்டரில் முகூர்த்தம், ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். மறுநாள் நான் வேலையில் இருந்தபோது, அன்றைக்கே சென்னைக்குப் போகிற உறவுக்காரர் ஒருவர் ரோஸ்டேல் வாசலிலேயே பைக்கை நிறுத்திவிட்டு, "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் மே மாதத்தைப் புரட்டி, முகூர்த்தம் என்று போட்ட மூன்று தாளைச் சர் சர் சர் என்று கிழித்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மகள் கல்யாணப் பதற்றத்தில், ஒரு தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோனது.

வழக்கமாக மே கடைசியில்தான் மிஸ்ஸிம்மாவுக்கு நாள் முடியும். ஆனால் அந்த முறை, அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய மாணவிகள் கூடுகிறார்கள் என்று பத்து நாள் முன்னதாகவே வந்திருந்தார். புதுக் காலண்டர் டிசம்பரில் வந்ததும் நான்தான் எண்ணி எழுதினேன். எழுதியதும் மறந்தேன். மறப்பதற்காகத்தானே எழுதுவது.

ஏப்ரலில் பத்திரிகை வைத்தபோது மிஸ்ஸிம்மா கேட்டார்.

"கல்யாணத்துக்கு இருக்கலாமா மேன்? நாள் பாரு."

நான் காலண்டரைப் புரட்டினேன். ஒவ்வொரு தாளாகப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே கல்யாண வாரம் வரை போனேன். அங்கே புதன்கிழமைக்கு அடுத்து வெள்ளிக்கிழமை இருந்தது. நடுவில் இல்லாத வியாழக்கிழமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். என் மகளின் நாள் அல்லவா, அது பல்லாவரத்தில் பூஜையறையில் இருக்கிறது என்று பெருமை வேறு. அதற்கு மேல் புரட்டத் தோன்றவில்லை.

"தாராளமா இருங்க மிஸ்ஸிம்மா. இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

அந்த வாக்கியம் இன்றைக்கும் சில சமயம் அடுப்படியில் நிற்கும்போது காதில் விழுகிறது.

இப்போது மறுபடியும் மண்டபம்.

பந்திக்கு ஓடினேன். "மிஸ்ஸிம்மா, எழுந்திரிங்க."

"என்னா மேன், வடை இன்னும் வரலை."

"வடை வேணாம். உங்க பாஸ்போர்ட் எங்கே?"

அவர் ஸ்பூனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, பைபிளுக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். நுழைவு முத்திரையைப் பார்த்தேன். அங்கேயே நின்று மாதம் மாதமாகக் கூட்டினேன். மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் இன்றைக்குத்தான் வந்தது. எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மொய்க்கணக்கு என்று நினைத்திருப்பார்கள்.

"இன்னிக்கா?" என்றார் மிஸ்ஸிம்மா.

"இன்னிக்குத்தான்."

அவர் இலையை மூடினார். "நீ இருக்கேன்னு சொன்னியே மேன்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

என் வீட்டுக்காரரிடம் "அரை மணியில வந்துடறேன்" என்றேன். "பொண்ணோட அம்மா எங்கேன்னு கேட்டா?" என்றார். "ஆபீஸ்னு சொல்லுங்க." அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பதில் சொல்ல நிற்கவில்லை. பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில் மஞ்சள் பூசிய காலண்டர் தாள், பக்கத்தில் கவுன் போட்ட கிழவி. ஆட்டோக்காரர் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பதிவு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட் வெங்கடரமணப்பாவுக்கு என்னை ஏழு வருடமாகத் தெரியும். எப்போதும் காட்டன் புடவையில் கார்பன் கறையோடு பார்த்தவர்.

"ஏனம்மா, ரேஷ்மெ சீரெ? பட்டெல்லாம் கட்டி, ஃபங்ஷனா?"

"என் பொண்ணு கல்யாணம் சார். பத்திரிகை வெச்சேனே."

"ஹௌது, ஆமாம்மா, மதியம் சாப்பாட்டுக்கு வரலாம்னு இருந்தேன். எப்போ முகூர்த்தம்?"

"ஆயிடுச்சு சார். ரெண்டு மணி நேரம் முன்னாடி."

அவர் பேனாவை மூடி வைத்தார். நான் பாஸ்போர்ட்டை நீட்டி, தாளைத் திருப்பிக் காட்டினேன். அவர் தாளின் மஞ்சள் கையில் ஒட்டாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தார். பிறகு விரல் கணுக்களில் மாதங்களைத் தொட்டுத் தானே எண்ணினார். நவம்பரில் மீதி, டிசம்பர், ஜனவரி என்று உதடு அசைந்தது. வந்த நாளை அவர் ஒன்று என்று வைத்தாரா, சைபர் என்று வைத்தாரா என்று நான் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று என்றுதான் வைத்தார். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"கரெக்ட். இவத்து நூற எம்பத்து, இன்னிக்குத்தான்" என்றார். "ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இவங்க விருந்தாளி. பன்னெண்டு அடிச்சா ஃபைல்."

"இந்த ஊர்ல நான் பொறந்தப்போ உங்க ஆபீஸே பொறக்கல மேன்" என்றார் மிஸ்ஸிம்மா.

"ஹௌதம்மா. அதனாலதான் எழுந்து நின்னு பேசறேன்." நிஜமாகவே எழுந்துதான் நின்றுகொண்டிருந்தார்.

நாளை வந்தால் வெளியே போக அனுமதி எழுதித் தர முடியும், ஆனால் நாள் தாண்டியதைப் பாஸ்போர்ட்டில் குறிக்காமல் தர முடியாது என்றார். இன்றைக்கே நாட்டை விட்டுப் போனால் எந்தக் குறிப்பும் கிடையாது. அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டு விமானம் இல்லை. அவரே டிராவல் ஏஜென்ட் ஒருவரைப் போனில் பிடித்தார். சென்னையிலிருந்து ராத்திரி பதினொன்றே காலுக்கு ஒரு விமானம், அதில் ஒரு இடம். ஆனால் பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் விமானங்கள் நிறைந்துவிட்டன. மே மாத விடுமுறை, ரயிலில் உட்கார இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இடுப்பு வலியோடு இரண்டு டிரங்குப் பெட்டியோடு எழுபத்திரண்டு வயதை நிற்கவைத்து அனுப்ப முடியுமா?

"யாராவது சென்னைக்கு வண்டியில போறவங்க இல்லியா?" என்றார் வெங்கடரமணப்பா.

இருந்தார்கள். ஒரு வேன் நிறைய. என் மகளைக் கூட்டிக்கொண்டு பல்லாவரம் போக. பல்லாவரம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்.

வேன் நான்கு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. எட்டு மணி நேர ரஸ்தா. நான்கு மணிக்குக் கிளம்பினால் நடுராத்திரி ஆகும். ஒரு மணிக்குள் கிளம்பினால் ஒன்பதுக்குப் போய்விடலாம். நடுவில் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். அதுவும் அந்தத் தாளிலேயே, முன்பக்கத்தில், அச்சடித்திருந்தது.

திரும்பி வரும் வழியில் மிஸ்ஸிம்மா ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், நாள் கணக்கு அல்ல. கல்யாணம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நான்கு மணி வரை, மாலதியோடு தனியாக உட்கார வேண்டும் என்று பல நாளாகவே நினைத்து வைத்திருந்தேன். அவள் பின்னலில் இருந்து பூவை அவிழ்த்து, தலையைக் கோதி, சில விஷயம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் இப்போது கேட்கப் போகிறேன்.

மண்டபத்தில் சம்பந்தியம்மா மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, ஒரு உதவி. ஒரு மணிக்கே கிளம்ப முடியுமா?"

பை எண்ணுவது நின்றது. "ஏன்? எங்க ஆளுங்க ஏதாவது தப்பா பேசிட்டாங்களா?"

"ஐயையோ, இல்லைங்க."

"பின்ன? மூணு மணி நேரம் முன்னாடியே கூட்டிட்டுப் போன்னு சொல்ற பொண்ணோட அம்மாவை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பொண்ணை அனுப்ப அவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

தாளைத் திருப்பிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். பிறகு தள்ளி நின்ற மிஸ்ஸிம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"அப்போ நான் நாலு மாசமா வெளக்கேத்திக் கும்பிட்டது இந்த வெள்ளைக்காரம்மாவோட கெடுவையா?"

"முன்பக்கம் நம்ம முகூர்த்தம்தாங்க" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தாம்பூலப் பைகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு எழுந்தார். "நேரம்னா நேரம்தான். சர்க்காருக்கு ஒரு ராகுகாலம், நமக்கு ஒண்ணு. ஒன்றரைக்குள்ள சக்கரம் உருளணும். ஒண்ணு முப்பத்தொண்ணுன்னா நான் வாசப்படி தாண்டமாட்டேன், பிளேன் போனாலும் சரி, ஜனாதிபதி கூப்பிட்டாலும் சரி." திரும்பிச் சமையல் கட்டைப் பார்த்துக் கத்தினார். "சாம்பார் கொதிச்சா போதும், இறக்குங்கய்யா!"

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நடந்ததைப்போல ஒரு பந்தியை நான் பார்த்ததில்லை. பருப்பு விழுவதற்குள் ரசம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மோர்சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். வேன் டிரைவரை மூன்று பேர் தேடி, சலூனில் பாதி சவரத்தில் பிடித்து வந்தார்கள். வெங்கடரமணப்பா சொன்னபடியே சாப்பாட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காராமல் வேனுக்குப் பெட்டி ஏற்றினார்.

பெட்டிகளை ரோஸ்டேலிலிருந்து ஆட்டோவில் கொண்டு வந்தவர் நஞ்சப்பா. ஸ்வெட்டர் போட்டிருந்தார். கக்கத்தில் ரெஜிஸ்டர். நான் போனில் சொன்னபோது "சரி" என்று மட்டும் சொன்னவர், மண்டபத்து வாசலில் ரெஜிஸ்டரைத் திறந்து, மிஸ்ஸிம்மா புறப்பட்ட நேரம் எழுத வேண்டிய கட்டத்தைக் காட்டினார். எழுத எதுவும் இல்லாமல் நான் கையை விரித்தேன். அவர் ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். ஊசிபோல் சீவியிருந்தது. வரும் வழியில் ஆட்டோவிலேயே சீவியிருக்க வேண்டும், ஸ்வெட்டரில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அத்தனை வருடத்தில் அந்தப் பென்சில்தான் எனக்கு வலித்தது.

மாலதி வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பூ இன்னும் பின்னலில் அப்படியே இருந்தது.

"என்னம்மா, என்னைத் துரத்துறியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையாவது வந்திருக்கலாம். வந்தது இதுதான்:

"மிஸ்ஸிம்மாவுக்கு வழியில வாந்தி வந்தா எலுமிச்சம்பழம் பையில இருக்கு. பாஸ்போர்ட் கைப்பையிலேயே இருக்கான்னு வேலூர்ல ஒரு தடவை பார்த்துக்கோ."

மிஸ்ஸிம்மா டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவர் தலையிலும் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜிஸ்டரில் நான் எழுதிய நேரம் ஒன்று இருபத்திரண்டு. சம்பந்தியம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வேன் திரும்பியது.

பிறகு மண்டபத்தில் நான், என் வீட்டுக்காரர், வாழைமரங்கள். அன்று மாலை முழுக்க நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. ஓடினேன்.

"அம்மா, நான்தான்."

"ஸ்டாம்ப் எத்தனை மணிக்கு அடிச்சாங்க?"

"வாணியம்பாடியில டயர் பஞ்சர். ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பத்தரைக்குள்ள அடிச்சாச்சு. அத்தையும் நானும் கண்ணாடிக்கு வெளியில நின்னு பார்த்தோம். அவங்க பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிட்டுப் போனாங்க."

"அப்பாடா. தேதி சரியா விழுந்திருக்கான்னு பார்த்தாங்களாமா? சில சமயம் மை இல்லாம—"

"அம்மா."

"என்னடி?"

"நான் நல்லா இருக்கேனான்னு கேட்கவே மாட்டியா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்ததால் நான் அழவில்லை. கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அதற்குள் காசு முடிந்து லைன் போய்விட்டது.

கல்யாணத்துக்குப் போட்டிருந்த லீவு முடியுமுன்பே வேலைக்குப் போனேன். சுவரில் ஆணியில் அதே காலண்டர், வெள்ளிக்கிழமையைக் காட்டிக்கொண்டு. அந்த வருடம் முழுக்க, காலையில் தாள் கிழிக்கும்போது கிழித்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். வீட்டிலும் பார்த்தேன். வீட்டுத் தாளில் ராசிபலன்தான் இருக்கும். ஆனாலும் இன்றைக்கு வரை பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வருடா வருடம் ஜூலையில் வரும் ஒரு பக்கக் கடிதம் அந்த வருடம் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். விசா மறுத்துவிட்டார்களோ, முத்திரையில் ஏதாவது கோளாறோ என்று அக்டோபர் முழுக்க நினைத்தேன். மூன்றாம் நம்பரைக் கூட்டித் துடைத்து வைத்தார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

நவம்பர் கடைசியில், ஒரு காலை, நான் சி படிவத்துக்குக் கார்பன் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டில் ஒரு ஆட்டோ நின்றது. முதலில் இரண்டு டிரங்குப் பெட்டி இறங்கியது. பிறகு கவுன். பிறகு, அந்தக் கவுனின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகள்.

சென்னையில் இறங்கி, பல்லாவரத்தில் இரண்டு நாள் சம்பந்தியம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மாலதியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். மாலதி தூரத்திலிருந்தே சிரித்தாள், இந்த முறை கண்ணிலும்.

மிஸ்ஸிம்மா மேஜைக்கு வந்தார். என்னைத் தாண்டிப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, பைபிளுக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ஒன் எயிட்டி. இவளுக்கு மாமியார் பத்து நாள்தான் குடுத்திருக்கா. ரெண்டையும் எண்ணி எழுது மேன், முன்பக்கத்துல."